புதுத் தட்டுக்கு ஸ்நானம் உண்டா?

புதிய பொருள் ஒன்று வீட்டுக்கு வந்தால் அதைக் கழுவிய பிறகு உபயோகிப்பதா, கழுவாமலே உபயோகிப்பதா என்பதைப் பற்றி நமது குடும்பங்களில் எழுதாத சட்டம் ஒன்று வெகு காலமாக இருந்து வருகிறது. காருகுறிச்சிச் சூளையிலிருந்து வரும் மண்பானையை யாரும் நேரே அடுப்பில் ஏற்றிவிடுவதில்லை. தண்ணீரில் ஊறப் போட்டு, அரிசி களைந்த நீரை ஊற்றி வைத்து, வடிகஞ்சியைக் காய்ச்சி, நாலைந்து நாள் பழக்கிய பின்னரே அதில் உலை வைப்பார்கள். ஆனால் கோடித் துணிக்கு வேறு சட்டம். ஓரத்தில் ஒரு துளி மஞ்சளைத் தடவி அப்படியே உடுத்திக்கொள்ள வேண்டியது. தண்ணீரில் நனைத்துவிட்டால் அப்புறம் அது கோடி அல்ல. இவ்விரண்டு சட்டங்களுக்கும் அடங்காத பொருள் ஒன்று, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி, பாளையங்கோட்டையிலுள்ள நமது இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே வீட்டை இரண்டு கட்சியாகப் பிரித்தும் விட்டது.

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் நம் தம்பி மகள் திருவிழாவுக்கு வந்தபோது, கையில் ஒரு பெட்டியும் கக்கத்தில் ஒரு சதுர அட்டையுமாக வந்தாள். பெட்டிக்குள் தட்டு சுழற்றும் யந்திரம்; அட்டைக்குள் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டு. கைப்பேசிக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கிவிட்ட காலத்தில் இசைத்தட்டா என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். இந்தியாவில் 1990-களில் தட்டு வியாபாரம் அஸ்தமித்தது உண்மையே. ஆனால் அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்று, 3 கோடியே 30 லட்சம் விற்ற குறுந்தட்டை முந்திவிட்டன. 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவையாம். அங்கே அடித்த காற்று இங்கேயும் கொஞ்சம் வீசாமல் இருக்குமா?

தட்டின் மேல் சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக் குழந்தை பிரித்ததும் நமது தாயார், "கடையிலயிருந்து வந்த சாமானைக் கழுவாமலா எடுக்கிறது? எத்தனை கை பட்டுதோ!" என்றார்கள். அவர்கள் கட்சி பானைக் கட்சி. அடுத்த வீட்டு அண்ணாச்சி கோடித் துணிக் கட்சி. அண்ணாச்சி வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனார் விட்டுச் சென்ற பழைய கிராமபோன் தட்டுகளை ஒரு பீரோ நிறையக் காப்பாற்றி வருகிறவர். ஆகையால் இவ்விஷயத்தில் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

"உறை பிரிக்காத தட்டுல அழுக்கு எங்கேயிருந்துவே வரும்? சீல் வச்ச மருந்துக் குப்பியைக் கழுவிட்டா மருந்து குடிக்கோம்?" என்று அவர் நம்மிடம் கேட்டார். பிறகு குழந்தையைப் பார்த்து, "எங்கப்பா அறுபது வருஷம் பிளேட்டு கேட்டாரு, தாயி. ஒரு நாள்கூட ஒண்ணையும் கழுவினதில்லை" என்று முடித்துவிட்டார்.

"மாமா, அது அரக்குத் தட்டு. இது வேற" என்றாள் அவள்.

இந்த ஒரு வார்த்தையில்தான் விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

அண்ணாச்சியின் பீரோவில் இருப்பவை நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் தட்டுகள். அவற்றில் செங்கோட்டை கிட்டப்பா இருக்கிறார், கே. பி. சுந்தராம்பாள் இருக்கிறார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்துக்காக டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டுகள் இருக்கின்றன. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதிலேயே காலமானவர். இந்தத் தட்டுகள் இல்லாவிட்டால், நாடக மேடையை ஆண்ட அந்தக் குரல் எப்படி இருந்தது என்று அவர் பிறந்த ஜில்லாவிலேயே ஒருவருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை? நம் நாட்டுக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் பூச்சி கட்டுகிற அரக்கினால் ஆனவை. பாண்டவர்களுக்குத் துரியோதனன் மாளிகை கட்டிய அதே சரக்குதான். ஆனால் அரக்கு மட்டும் அல்ல. சிலேட்டுக் கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் பொடி செய்து அதில் ஏராளமாகச் சேர்த்திருப்பார்கள். கருநிறத்துக்குப் புகைக்கரி. உலகத்துக்கெல்லாம் அரக்கு கொடுத்த தேசம் நம்முடையது. இருந்தும் 1902-இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவான பாட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குக் கப்பலேறிப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவில் சியால்டா பக்கம் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகே இந்த வேடிக்கை நின்றது. பின்னர் 1928-இல் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை வந்தது. பட்டம்மாளின் தட்டைப் போன்ற எத்தனையோ தட்டுகள் அங்கிருந்து ரயிலேறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கின.

கல் பொடி கலந்த தட்டின் மேல் எஃகு ஊசி ஓடினால் என்ன ஆகும்? ஊசி தேயும். தேய வேண்டும் என்பதே ஏற்பாடு! முதல் சில சுற்றுகளிலேயே தட்டிலுள்ள கல் பொடி ஊசி முனையைச் சாணை பிடித்துத் தன் பள்ளத்துக்குப் பொருத்தமாகச் செய்துவிடும். மூன்று நிமிஷப் பாட்டு முடிந்ததும் ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டுவார்கள். இருநூறு ஊசி கொண்ட சிறு தகர டப்பாக்களை, பழைய வீடுகளில் இப்பொழுதும் பொத்தான் போட்டு வைத்திருக்கக் காணலாம். பாட்டுப் பெட்டியின் தலையோ நூறு கிராமுக்கு மேற்பட்ட கனம். அந்தக் கனத்தின் முன்னால் ஒரு தூசி எம்மாத்திரம்? மேலாக ஒரு வெல்வெட்டுத் துண்டால் துடைத்தால் போதும். கடைக்காரர்களே தங்கள் விளம்பரத்தை அச்சடித்து அத்தகைய வெல்வெட்டு வில்லைகளைக் கொடுத்து வந்தார்கள். ஆகவே அண்ணாச்சியின் தகப்பனார் செய்தது அவர் காலத்துக்கு முற்றிலும் சரி.

ஆனாலும் அந்தப் பட்டம்மாள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வருத்தமாயிருக்கிறது. பளபளப்பான கருமை போய் நடுவில் ஒரு சாம்பல் வளையம் விழுந்திருக்கிறது. வீட்டார் ஆசை ஆசையாக மறுபடி மறுபடி வைத்துக் கேட்ட பாட்டு அது. சுதந்திரம் வந்த வருஷத்துப் பாட்டு அல்லவா! ஊசியை மாற்றச் சோம்பல்பட்ட சமயங்களும் இருந்திருக்கும். கேட்ட ஒவ்வொரு தடவையும் குரலில் சிறிது கரைந்திருக்கிறது. இன்று அதை வைத்தால், கோடைமழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். அதன் பின்னாலிருந்து பாட்டு.

இனி நம் குழந்தை கொண்டுவந்த தட்டைப் பார்ப்போம். 1948 ஜூன் மாதம் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியார் அறிமுகம் செய்த ஜாதி இது. வினைல் என்ற செயற்கைப் பிசினால் ஆனது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் அல்ல, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும். ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும். இதில் கல் பொடி கிடையாது. ஆகவே சாணை பிடிக்கும் வேலையும் கிடையாது. ஊசி முனையில் இருப்பது வைரம். வைரம் எங்கே, பிசின் எங்கே! அந்தக் காலத்தில் தட்டு ஊசியைத் தேய்த்தது. இந்தக் காலத்தில் ஊசிதான் தட்டைத் தேய்க்கும். நஷ்டம் யாருக்கு என்பது தலைகீழாக மாறிவிட்டது. ஐந்து காசு ஊசி போனால் வேறு ஊசி. தட்டு போனால்?

பள்ளத்தின் அகலத்தையும் யோசிக்க வேண்டும். வினைல் தட்டின் பள்ளம் ஒரு தலைமயிரின் பருமன்தான் இருக்கும். அந்த மயிரிழைப் பள்ளம், ஒரு பக்கத்தில் மட்டும், நீட்டிப் பிடித்தால் அரைக் கிலோ மீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். ஊசியின் பாரம் இரண்டு கிராம் என்றால் அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு கிராமும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகளில் இறங்குவதால், சதுர அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் அழுத்தம் டன் கணக்கில் போய்விடும். நடுவில் ஒரு மணல் துகள் அகப்பட்டுக்கொண்டால் வைரம் அதை ஒதுக்கிவிட்டுப் போகாது. பிசின் சுவரில் பதித்துவிட்டே போகும். பிறகு எந்தத் தண்ணீரை விட்டுக் கழுவினாலும் அந்தத் தழும்பு தட்டு உள்ளவரையில் 'டக்' என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பழைய தட்டை எப்போது கழுவினாலும் ஒன்றுதான். புதுத் தட்டை முதல் தடவை வைப்பதற்கு முன்னால் கவனிப்பதே விசேஷம் என்று சொல்வதற்கு நியாயம் இதுதான்.

"சரி, தூசி இருந்தாலல்லவா பதியும்? புதுசுல ஏது தூசி?" என்று அண்ணாச்சி விடவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

தட்டு செய்கிற இடம் ஆஸ்பத்திரி அறை அல்ல. சூடாக்கிய வினைல் உருண்டையை இரண்டு நிக்கல் அச்சுகளுக்கு இடையில் வைத்து, இரண்டு பக்கமும் லேபில் காகிதத்தைச் சேர்த்து, சுமார் நூறு டன் பாரத்தில் நீராவி யந்திரம் நசுக்கும். அரை நிமிஷத்துக்குள் தட்டு தயார். ஓரத்தில் பிதுங்கியதைச் சீவி எறிந்துவிட்டு, இளஞ்சூடு ஆறுவதற்குள் உறைக்குள் தள்ளுவார்கள். சீவிய பொடி, காகிதத் தூள், எடுத்து வைத்தவர் கைவிரல், எல்லாம் கூடவே உள்ளே போகும். அச்சில் ஒட்டாமல் இருக்க ஏதோ எண்ணெய் பூசுகிறார்கள், அதைப் போக்கவே கழுவ வேண்டும் என்று சிலர் சாதிக்கிறார்கள். பூசுவது ஒன்றும் கிடையாது, வழவழப்புக்கு வேண்டிய மெழுகு பிசினுக்குள்ளேயே கலந்திருக்கிறது என்பது தொழில் அறிந்தவர்கள் தரும் பதில். எண்ணெய்க் கதையை நாம் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் குடி முழுகிவிடாது. காகிதத் தூள் ஒன்றே போதிய காரணம்.

அதற்குமேல் மின்சாரம் வேறு. வினைலைக் காகித உறையிலிருந்து சரேலென்று உருவினால் அதில் நிலைமின்சாரம் ஏறிவிடும். சிறு பிள்ளைகள் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குவார்களே, அதே வித்தைதான். ஆனி மாதத்தில் நமது ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று, சாரலைக் குற்றாலத்துக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வீச்சோடும் புழுதியோடும் பாளையங்கோட்டைக்கு வருகிறது. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் கையெழுத்துப் போடலாம். அந்தக் காற்றில், மின்சாரம் ஏறிய கருந்தட்டை இரண்டு நிமிஷம் திறந்து வைத்தாள் குழந்தை. பிறகு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். வெள்ளைத் துரும்பும் நாரும் தட்டெங்கும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. லேபிலுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவானின் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "பிளேட்டைவிட என் கண்ணாடிதான் சுத்தம்" என்றார். அதோடு கோடித் துணிக் கட்சி தோற்றது.

கழுவுவது என்று தீர்ந்தாலும், எதைக் கொண்டு கழுவுவது என்ற அடுத்த சச்சரவு உடனே பிறந்தது. அதில்தான் ஆபத்து அதிகம்.

தாயாரின் யோசனை சீயக்காய். நல்ல வேளையாக அவர்களே சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி, தோற்ற கட்சியிலிருந்து ஜயித்த கட்சிக்கு வந்து சேர்ந்தவருக்கு உள்ள உற்சாகத்துடன், குறுக்குத்துறையிலிருந்து தாமிரபரணித் தண்ணீரே கொண்டுவருவதாகக் கிளம்பினார். பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற நதியின் பெருமையை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. அந்தத் தண்ணீரில் வளர்ந்த உடம்பு இது. ஆயினும் ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில் விழுகிற கொடுமையை விட்டுத் தள்ளினாலும், மலையிலிருந்து வருகிற எந்த நீரிலும் உப்புக்கள் கரைந்தே இருக்கும். நாவுக்கு இனிப்பாயிருப்பதே அதனால்தான். தட்டில் ஊற்றினால் நீர் உலர்ந்து போகும். உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் இன்னும் மோசம். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தட்டிலும் படியும். ஆகவே, பாட்டரிக் கடையில் விற்கும் வாலை வடித்த நீர் ஒரு குப்பி வாங்கி வரச் செய்தோம். விலை அற்பம்.

வடித்த நீர் மட்டும் வினைலில் ஒட்டாது. சேம்பிலையில் போல் உருண்டு ஓடும். பள்ளத்துக்குள் அது இறங்குவதற்கு, மணமும் நிறமும் இல்லாத சோப்புத் திரவம் ஒன்றிரண்டு சொட்டு வேண்டும். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பிலிமைக் கழுவி முடித்ததும் திட்டுத் திட்டாக உலராமலிருக்க ஒரு திரவம் சொட்டுவார்கள்; அது இதற்கும் உதவும். பாத்திரம் துலக்கும் எலுமிச்சை வாசனைச் சோப்பு உதவாது; அழுக்கைப் போக்கிவிட்டு அது தங்கிவிடும். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தார், லட்சக்கணக்கான தட்டுகளைக் காப்பாற்றுகிறவர்கள், சொல்லுகிற முறையும் ஏறக்குறைய இதுவே: தாது உப்பு நீக்கிய நீரில் மிகச் சிறிதளவு சோப்புத் திரவம், ஸ்பிரிட்டு கிடையாது.

ஸ்பிரிட்டு என்றதும் அண்ணாச்சி முகம் மாறியது. கல்லிடைக்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கிட்டப்பா தட்டுகள் ஐந்தோ ஆறோ இருந்தனவாம். பட்டணத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப் பிள்ளை, புதிய தட்டுக்கு ஸ்பிரிட்டு போடலாம் என்று எங்கோ கேள்விப்பட்டு, தாத்தாவுக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, பஞ்சில் நனைத்துத் தேய்த்திருக்கிறான். பஞ்சு கறுத்தது. அழுக்கு போகிறதென்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தான். போனது அழுக்கு அல்ல, தட்டு! நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தச்சர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே! வினைல் கொஞ்சம் ஸ்பிரிட்டைப் பொறுத்துக்கொள்ளும். அரக்கு ஒரு நாளும் பொறுக்காது. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், இரண்டிலும் நடுவில் ஓட்டை. பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கிற இரண்டு பொருளுக்கு மருந்து ஒன்றல்ல என்பதை அந்தப் பையன் அறிந்தபோது, ஒரு குரல் போய்விட்டது. அண்ணாச்சி இதைச் சொல்லி முடித்த பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

நமது தட்டுக்கு நடந்த மங்கள ஸ்நானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யந்திரத்தின் மேலேயே தட்டைச் சுழலவிட்டு, கரியிழையால் செய்த மெல்லிய பிரஷ்ஷை இலேசாக வைத்து முதலில் உலர்ந்த தூசியை எடுத்தாள். அநேகம் புதுத் தட்டுகளுக்கு இதுவே போதுமாம். நம்முடையதில் விரல் ரேகை இருந்ததால் நீரும் தேவைப்பட்டது. தட்டைக் கழற்றி, மடித்த துவாலையின் மேல் கிடத்தி, லேபில் நனையாதபடி கண்ணாடித்தாளால் மூடிக்கொண்டு, திரவத்தைத் தெளித்து, பள்ளம் போகும் திசையிலேயே சுற்றிச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள். குறுக்கே துடைப்பது பாவம். துடைக்கும் துணிக்குத் தாயார் கதர்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். கதரிடம் நமக்குள்ள பக்தி பிரசித்தம். ஆனால் கதர் நூல் பிசிறு விடும். ஆகவே அது மரியாதையுடன் திருப்பி வைக்கப்பட்டது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி வந்தது. பிறகு வெறும் வடித்த நீரால் இன்னொரு தடவை. அப்புறம் தோசைக்கல்லைச் சாய்த்து வைப்பது போல் நிமிர்த்தி நிழலில் உலர்த்தி, பழைய காகித உறையைத் தள்ளிவிட்டு, வழவழப்பான புது உள்ளுறையில் போட்டாள். எல்லாம் கால் மணி நேரம். இதையே செய்வதற்கு மின்சார யந்திரங்களும் உண்டென்றாள். அவற்றின் விலையைக் கேட்டதும், அந்தப் பணத்தில் ஒரு நாகஸ்வரக் கச்சேரியே வைத்துவிடலாமே என்று தோன்றியது.

இவ்வளவும் செய்து தட்டு மௌனமாகிவிட்டதா? இல்லை. இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் 'டக், டக்' என்று ஒலித்தது. குழந்தை கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அதே கணக்கில் நாலைந்து தரம் ஒலித்து நின்றால், அது தூசி அல்ல. அச்சில் நேர்ந்த ஊனம். எத்தனை கழுவினாலும் போகாது. வாங்கிய இடத்தில் கொடுத்து வேறு வாங்க வேண்டியதுதான். பிறவிக் கோளாறைக் குளிப்பாட்டித் தீர்க்கலாமென்று எண்ணிக்கொண்டு வாரக்கணக்காகத் தட்டைத் தேய்க்கிற ஆசாமிகள் உண்டாம்.

மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வருகிற அந்தச் சிறு இடைவெளியில் ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணாச்சி அதைத்தான் வெகுவாக ரசித்தார். அரக்குத் தட்டிலே வளர்ந்த காதுக்கு அப்படிப்பட்ட நிசப்தம் புதிது.

மறுநாள் காலையில் அவர் தம் பீரோவிலிருந்து ஒரு சிறு வினைல் தட்டைக் கொண்டுவந்தார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். 1964-இல் மறைந்த அந்த மேதையின் ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தட்டு வாங்கின நாள்முதல் ஓட்டவே இல்லையாம். அவர் தகப்பனாரின் பெட்டி பழைய எஃகு ஊசிப் பெட்டி ஆகையால், வைத்தால் உழுதுவிடும் என்று பயந்து அந்தப் பெரியவர் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார். உறை பழுத்து ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. தட்டின் மேல், எத்தனையோ ஐப்பசி கார்த்திகை அடைமழைகள் விட்டுப் போன பூசணம் வெண்புள்ளிகளாகப் பூத்திருந்தது.

"இது புதுசா, பழசா, தாயி?" என்று அவர் கேட்டார்.

குழந்தை தட்டை ஓரத்தில் மட்டும் விரல் படும்படி வாங்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு நம்மிடம் திரும்பி, "பெரியப்பா, வடித்த தண்ணீர் இன்னும் ஒரு குப்பி வேணும்" என்றாள்.